ஒரு நூல் கூட்டி வெட்டியவருக்கு

அன்புள்ள காஜா அண்ணனுக்கு,

உங்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது நீங்கள்தான் என்று தெரியாது. மதுரை புது மண்டபத்தில் தூணோரமெல்லாம் தையல் மெஷின் ஓடிய காலத்திலிருந்து உங்களுக்குக் காஜா அண்ணன் என்றுதான் பேர். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது அந்தப் பேரும் கூடவே வந்துவிட்டது. நேரில் நன்றி சொல்லலாமென்றால் நீங்கள் விடமாட்டீர்கள். "ஓட்டை போட்டதுக்கெல்லாம் நன்றியா சார்" என்று நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த சட்டையை மடியில் போட்டுக்கொள்வீர்கள். அதனால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன். பதில் பேச முடியாது பாருங்கள்.

ஒரு சட்டை தைப்பதில் எல்லாத் தப்புக்கும் மாற்று உண்டு. கை நீண்டுவிட்டால் மடித்துத் தைக்கலாம். தோள் இறங்கினால் பிரித்து ஏற்றலாம். இடுப்பு பிடித்தால் உள்ளே விட்டிருக்கும் துணியை எடுத்துக்கொள்ளலாம். கட்டிங் மாஸ்டர்கூட முன்னெச்சரிக்கையாக அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுகிறார். பட்டன் துளையான காஜாவுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. தைத்து முடித்து, காலர் வைத்து, இனி இஸ்திரி போட வேண்டியதுதான் பாக்கி என்று வந்து நிற்கும் சட்டையின் நெஞ்சில், நடு முகத்தில், நீங்கள் கத்தி வைக்கிறீர்கள். ஒரு இழை தள்ளிப் போனால் அந்தத் துணியை எந்த டெய்லராலும் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியில் தொடுகிறவர் நீங்கள். திருத்தவே முடியாத வேலையும் உங்களுடையது. கூலி மட்டும் கடையிலேயே ஆகக் குறைவு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தையல் கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதலில் கொடுப்பது காஜாவும் பட்டனும்தான் என்பார்கள். பிறகு கைத்தையல், பிறகு மெஷின் மிதிப்பது, கை திருந்தியபின் கட்டிங். காஜா என்பது ஏறிப் போக வேண்டிய ஏணியின் முதல் படி. உங்களோடு காஜாப் பையனாக வந்தவர்களில் சிலர் சொந்தக் கடை வைத்துவிட்டார்கள். நீங்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கட்டிங் மாஸ்டர்னா நாள்பூரா ஆள் கூடப் பேசணும் சார். காஜான்னா துணி கூடப் பேசுனாப் போதும்" என்றீர்கள். அதைச் சிரிப்புக்குச் சொன்னீர்களா நிஜமாகவா என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

நீங்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதை எழுதிவைக்க வேண்டும் என்று ஆசை. நூலைத் தேன்மெழுகில் ஓட்டி எடுப்பீர்கள். அப்போதுதான் அது முறுக்கிச் சிக்காது, துணிக்குள் வழுக்கிப் போகும். பட்டனை வைத்து அளந்து சாக்கால் கோடு. பட்டனின் அகலத்தோடு அதன் தடிமனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தட்டைப் பட்டனுக்கு ஒன்று, குமிழ்ப் பட்டனுக்கு வேறு. பிறகு வெட்டு. வெட்டிய மறுநொடி துணி பிரிய ஆரம்பித்துவிடும், இழை இழையாக. அது ஓடுவதற்குள் விளிம்பைச் சுற்றி ஒரு காவல் தையல். அதன்மேல்தான் அசல் வேலை. ஊசியைக் குத்தி, முழுதும் இழுக்காமல், காதுப் பக்கத்து நூலை ஊசி நுனிக்கு அடியில் சுற்றிவிட்டு இழுப்பீர்கள். வெட்டிய விளிம்பின்மேலேயே ஒரு முடிச்சு வந்து உட்காரும். அதை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. பட்டன் வந்து தங்கும் முனையில் தையலை விசிறி மாதிரி விரிப்பீர்கள். மறுமுனையில் குறுக்கே இரண்டு மூன்று இழை போட்டு அடைப்பீர்கள். பட்டன் தினமும் உரசுவது துணியில் இல்லை, அந்த முடிச்சு வரிசையில்தான். துணி தப்பித்துக்கொள்கிறது.

மெஷின் காஜா இதற்கு நேர் தலைகீழ். சட்டைக் காஜா அடிக்கும் மெஷின் முதலில் இரண்டு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, முனைகளை அடைத்துவிட்டு, கடைசியில்தான் கத்தியை நடுவில் இறக்குகிறது. வேகம் என்றால் வேகம். திருப்பூரில் காஜா பட்டன் என்றே தனி வேலை இருக்கிறது, அதற்கென்று ஆள் எடுக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. இந்த நாட்டில் எல்லோருக்கும் கைக்காஜா வைத்துச் சட்டை கொடுக்க ஒரு பத்து மதுரை வேண்டும். ஆனால் தைத்த பிறகு வெட்டுவதால், வெட்டுவாயில் பிசிறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கத்தி சற்று ஒதுங்கினால் போட்ட தையலையே அறுக்கும். ரெடிமேடு சட்டையில் இரண்டு சலவைக்குள் காஜாவிலிருந்து ஒரு நூல் தொங்குவதும், நாம் அதைப் பிடித்து இழுப்பதும், மொத்தமும் உருவிக்கொண்டு வருவதும் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு தைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுவதற்கு மின்சாரம் போதும்.

கோட்டுக் காஜா சமாச்சாரத்தை எனக்குச் சொல்லித்தந்ததும் நீங்கள்தான். உயர் நீதிமன்றக் கிளை 2004இல் மதுரைக்கு வந்த பிறகு கறுப்புக் கோட்டு நிறைய வருகிறது என்று சொல்லி, ஒரு வக்கீலின் கோட்டைத் தூக்கிக் காட்டினீர்கள். நேர்க்கோடாக வெட்டிய காஜாவின் முன் நுனியில் மட்டும் ஒரு சின்ன வட்டம், சாவித் துவாரம் போல. கோட்டுத் துணி தடிமன். அதன் பட்டனை ஒட்டித் தைக்க முடியாது, அடியில் நூலால் ஒரு கால் விட்டுத்தான் தைக்க வேண்டும். அந்தக் கால் நிற்பதற்குத்தான் வட்டம். வட்டம் இல்லையென்றால் கால் துணியை நெருக்கும், நெஞ்சுப் பக்கம் சுருக்கம் விழும். அதற்கு நீங்கள் ஐலெட் என்றீர்கள். எனக்கு ஐலெட் என்றால் ஆபீஸ் கோப்பு அட்டையில் டேக் கோக்கும் பித்தளை வளையம்தான் தெரியும். பேனர்க்காரர் ஐலெட் அடிக்கிறேன் என்பார். ஷூக் கடையில் லேஸ் கோக்கும் துளையும் அதுதான். ஜன்னல் திரைக்கு வளையம் வைத்தாலும் அதுதான். இப்படி ஊரெல்லாம் இருக்கிறவனை ஒரு வக்கீல் கோட்டில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். பிரெஞ்சு மொழியில் 'சின்னக் கண்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாம் ஐலெட். துளையின் ஓரம் பிரியாமல் நூலாலோ உலோகத்தாலோ கட்டியிருந்தால்தான் அந்தப் பேர். வெறும் ஓட்டைக்கு அது கிடைக்காது. நம் ஆட்களும் வலைக்குக் கண் என்கிறோம், தேங்காய்க்குக் கண் என்கிறோம். ஊசிக்கு வரும்போது மட்டும் காது ஆக்கிவிட்டோம். உங்கள் காஜா வடக்கே 'காஜ்'. போர்ச்சுகீசியர்கள் பொத்தான் துளையை 'காஸா' என்கிறார்கள், அவர்கள் மொழியில் வீட்டுக்கும் அதே சொல். பொத்தான் என்ற சொல் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கப்பலில் வந்த பொத்தான் வீட்டையும் கையோடு கொண்டுவந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன், உங்களுக்குப் பிடிக்கும். பொத்தான் மிகப் பழசு, காஜா ரொம்பப் பிந்தி வந்தது. சிந்துவெளி மக்களிடமே சிப்பியில் அறுத்த பொத்தான் இருந்திருக்கிறது. அது அழகுக்கு வைத்துக்கொண்டது. துணியை உடம்போடு பிடித்து நிறுத்த வெட்டித் தைத்த துளை ஐரோப்பாவில் பரவியது 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். லண்டனில் பேனார்ட்ஸ் காசில் என்ற இடத்தைத் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுத் துணிகள் கிடைத்தன. அவற்றில் காஜா அப்படியே இருக்கிறது, உள்பக்கம் பட்டுத் துண்டு வைத்து உறுதி செய்து தைத்தது. நீங்கள் கேன்வாஸ் வைக்கிறீர்களே, அதே யோசனை. பொத்தான் செய்யத் தெரிந்த மனிதன் அதற்குத் துளை போட இத்தனை காலம் தயங்கியிருக்கிறான். நல்ல துணியை வெட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

வெட்டாமலும் ஒரு வழி இருந்தது. குத்தூசியால் துணியின் இழைகளை அறுக்காமல் விலக்கி, வந்த வட்டத்தைச் சுற்றி நூலால் தைத்துவிடுவார்கள். நாடா கோத்துக் கட்டும் உடுப்புகளுக்கு அதுதான் கண். இழை அறுபடாததால் பலம் அதிகம். இருந்தும் ஓங்கி இழுத்துக் கட்டினால் நூல் கண் பிய்ந்துகொள்ளும். 1820களில் உலோகக் கண் வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது. தீர்ந்ததும் சீமைப் பெண்களின் இடுப்புக் கச்சையை இன்னும் இறுக்கினார்கள். கண் தாங்கியது, விலா எலும்புதான் பாவம். நீங்கள் சொல்லும் சின்ன வட்டம் வைத்த காஜாவையும் பிறகு மெஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜான் ரீஸ் 1881இல் காஜா மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பேரில் நடந்த கம்பெனியின் மெஷின்களுக்குக் கோட்டுக் காஜாவில் இன்றும் நல்ல பேர்.

துளையைச் சுற்றிக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் துணியில் கற்கவில்லை, காகிதத்தில் கற்றேன். கோப்பில் முதலில் கழன்று விழுவது எப்போதும் மேல் பக்கமும் கடைசிப் பக்கமும். டேக் உரசி உரசித் துளை வாய் பிளந்து, ஒருநாள் அந்தக் காகிதம் தனியாகப் போய்விடும். அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மனுவாக இருக்கும். காகித வளையம் ஒட்டிய மனு நிற்கும், ஒட்டாதது போகும்.

பிறகு 2018இல் புயல் நிவாரணப் பணிக்கு என்னை வேதாரண்யம் பக்கம் அனுப்பினார்கள். நவம்பர் 16ஆம் தேதி கஜா கரையேறிய பூமி. (கிளம்புமுன் டீக்கடையில் உங்களை எல்லோரும் கேலி செய்தது நினைவிருக்கிறதா? உங்கள் பேரில் ஒரு காலைக் குறைத்துப் புயலுக்கு வைத்துவிட்டார்களென்று.) ஓடு போன வீடுகளுக்கெல்லாம் தார்ப்பாய்தான் கூரை. காற்று தார்ப்பாயின் நடுவைக் கிழிப்பதில்லை அண்ணே. கயிறு கட்டிய கண்ணில்தான் மொத்த இழுவையும் வந்து சேர்கிறது, அங்கேதான் பிய்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுக்கிற மாதிரியான நல்ல பாயில் ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்து, நாலு பக்கமும் ஏறக்குறைய 1 மீட்டருக்கு ஓர் அலுமினியக் கண் அடித்திருப்பார்கள். மலிவுப் பாயில் ஓரம் ஒற்றை மடிப்பு, கண் பேருக்கு. முதல் மழைக்காற்றிலேயே வளையம் தனியே, பாய் தனியே. அங்கே ஒரு பாட்டி எனக்கு ஒரு வித்தை காட்டினார். கண் போன இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பாயின் அடியில் வைத்து, பாயோடு சேர்த்துக் கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கிவிட்டார். துளையே இல்லை, பிய்வதற்கு இடமும் இல்லை. திரும்பி வந்து உங்களிடம் சொன்னபோது ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். "அந்தம்மா நம்ம தொழிலுக்கே உலை வச்சுட்டாங்களே" என்றீர்கள்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தபோது முதலில் நின்றது எழுத்து, இரண்டாவது பட்டன். காபி டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்துச் சமாளித்தார். பட்டன் மட்டும் முடியவில்லை. நாங்கள் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுவார். டி-சர்ட் வாங்கிக் கொடுத்தால் அது பையன்கள் போடுவது என்பார். வாசலுக்கு வராமல் உள்ளறையிலேயே பனியனோடு உட்கார ஆரம்பித்தார். உங்களிடம் நான் யோசனை ஒன்றும் கேட்கவில்லை. பழைய சட்டைகளில் பட்டனை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை வைத்துக் கொடுங்கள் என்றுதான் கொண்டுவந்தேன். நீங்கள் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்பட்டை வச்சா பிரிக்கும்போது பர்ருன்னு சத்தம் வரும் சார். வீட்டுக்கே கேக்கும். பெரியவருக்குக் கூச்சமா இருக்கும்" என்றீர்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

நீங்கள் செய்தது இதுதான். பழைய காஜா ஒவ்வொன்றின் ஒரு முனையையும் பிரித்து, ஒரு நூல் அளவு கூட்டி வெட்டி, திரும்பக் கட்டினீர்கள். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தால் தெரியாது. பட்டன்களைப் பிரித்து, கோட்டுப் பட்டன் மாதிரி அடியில் சின்னதாகக் கால் விட்டுத் தைத்தீர்கள், விரல் இடுக்கில் பிடிக்க வாகாக. காலர் பட்டிக் காஜா ஏற்கெனவே படுத்த வாக்கில் இருக்கும். கழுத்து பக்கவாட்டில் இழுப்பதால் அப்படி. நெஞ்சுக் காஜாக்கள் நின்ற வாக்கில் இருக்கும். அவற்றில் மேலிருந்து இரண்டை அடைத்துவிட்டு அந்த இடத்தில் பட்டனை மேலேயே தைத்துவிட்டீர்கள், பார்க்கப் பூட்டியது போல. சட்டையைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டு கீழே உள்ளதை மட்டும் அவர் பூட்டினால் போதும்.

அப்பாவுக்கு நேரம் பிடித்தது. யாரும் பார்க்காதபோதுதான் பூட்டுவார், அதனால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆனால் சட்டை போட்டுக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். காய்கறிக்காரரிடம் பழையபடி சண்டை போட்டார். படுக்கையில் விழும் வரை அவர் சட்டையை அவரேதான் பூட்டினார். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. காய்கறிக்காரரிடம் சண்டை போட வைத்தது உங்கள் ஒரு நூல்.

அதற்கு நீங்கள் வாங்கியது வழக்கமான காஜாக் கூலி. அடைத்த காஜாவுக்குக் காசு வேண்டாம் என்று வேறு கழித்துக்கொண்டீர்கள். சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்: உங்கள் கணக்கு தப்பு. ஒரு காஜாவுக்குக் கிடைப்பது ஒரு டீக்குக் காணாது. டெய்லரிடம் கேட்டால் கஸ்டமர் தருவதில்லை என்பார். கஸ்டமரிடம் கேட்டால், அவருக்குச் சட்டையில் காஜா என்று ஒன்று இருப்பதே பட்டன் நழுவும்போதுதான் தெரியும். நானும் இத்தனை வருடம் தையல் கூலி கொடுத்தபோது கட்டிங் நன்றாக இருக்கிறது, காலர் நன்றாக நிற்கிறது என்று மாஸ்டரைப் புகழ்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். தினமும் காலையில் என் விரல் காலரையோ கட்டிங்கையோ தொடுவதில்லை. உங்கள் வேலையைத்தான் தொடுகிறது.

உங்கள் சட்டைகளுக்கு ஒரு சாட்சி எங்கள் சமையலறையில் இருக்கிறது. முழங்கை கிழிந்து, காலர் நைந்து, கரித்துணியாகிவிட்ட சட்டைகள் அடுப்பு மேடையில் கிடக்கின்றன. துணியை விளக்குக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. காஜா மட்டும் தைத்த நாள் போல விறைப்பாக இருக்கிறது. என் மனைவி அந்தக் காஜாவை ஆணியில் மாட்டித்தான் துணியைக் காயப் போடுகிறாள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தைக்கக் கொடுக்கும்போது காஜா யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கையால் வேண்டுமென்றால் அப்படிச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். கடைக்காரர் கையில் இல்லை, எடுப்பவர் கையில். மெஷின் காஜாதான் என்றாலும் அதை ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் யாருக்காவது விரல் ஒத்துழைக்கவில்லையென்றால், சட்டையை மாற்றுமுன் துளையை மாற்றிப் பாருங்கள்.

அண்ணே, வேலை ஒன்றும் இருக்கிறது. வருகிற முகூர்த்தத்தில் தங்கை மகனுக்குக் கல்யாணம். ரெடிமேடு கோட்டு வாங்கியிருக்கிறான். கழுத்துப் பட்டையில் பூச் செருகக் காஜா மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் வெறும் தையல்தான், வெட்டவில்லை. ரோஜாவை ஊக்கு வைத்துக் குத்திக்கொள்கிறேன் என்கிறான். மாசியிலேயே கொண்டுவந்து தருகிறேன், வெட்டிக் கட்டிக் கொடுங்கள். பின்னால் காம்பு நிற்க ஒரு நூல் கண்ணியும் வேண்டும். கறுப்பு நூல் போதும். இந்த முறை கூலியை நான் சொல்வேன், நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
படுத்த வாக்கில் நாலாவது காஜா வைத்துத் தொப்பை காப்பாற்றப்பட்ட,
உங்கள் பழைய வாடிக்கைக்காரன்